சட்டமும் நாமும் – 9: இரண்டாயிரம் ரிங்கிட்டில் பறிபோகும் உரிமை

“உள்ளே போயிட்டு வந்தவனுக்கு எதுக்கு ஓட்டு?” தோட்டம் மூடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, சுங்கை சிப்புட், சிம்மோர் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. தைப்பிங் சிறையிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு ஓட்டுரிமை அற்றுப்போய்விட்டதாகப் பெற்றவர்களே நம்புகிறார்கள். அது தவறு.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது பிரிவு, தண்டனை பாக்கி இருக்கும்வரைதான் ஓட்டைத் தடுக்கிறது. தண்டனை முடிந்தால் தடையும் முடிந்தது. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. விடுதலையாகி வந்தவர் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தேர்தலில் நிற்கும் உரிமையில்தான் சிக்கல். 48ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்றவர், மன்னிப்புக் கிடைக்காவிட்டால், நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவர். இந்தத் தடை 5 ஆண்டு நீடிக்கும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1957இல் பால்மரம் வெட்டியவர் ஆண்டு முழுக்க உழைத்தாலும் 2,000 வெள்ளியைக் கண்ணில் பார்த்திருக்க மாட்டார். இன்று குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட். தொகை மட்டும் மாறவே இல்லை.

இதன் விளைவைப் பேராக் கண்முன்னே கண்டது. 2009 பிப்ரவரியில் மாநில ஆட்சி கவிழ்ந்தபோது, ஆட்சி மாற்றம் குறித்த சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றார் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங். அவர்மீது தேச நிந்தனை வழக்குப் பாய்ந்தது. 2014 மார்ச் 11 அன்று 4,000 ரிங்கிட் அபராதம். மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் எம்.பி. பதவி உடனே போகவில்லை. ஏப்ரல் 17 அதிகாலையில், கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் அவர் உயிர் போய்விட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை 1,800 ஆகக் குறைத்தது. 2019 மார்ச் 29இல் கூட்டரசு நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. பேச்சு ஒன்றுதான். 4,000 என்றால் தகுதியிழப்பு, 1,800 என்றால் தகுதி உண்டு, முடிவில் குற்றமே இல்லை!

அதே பேராக்கின் கமுண்டிங் முகாமில், விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தார், இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் வழக்கறிஞர் எம். மனோகரன். நீதிமன்றத் தண்டனை இல்லாததால் தேர்தலில் நிற்க அவருக்குத் தடை இல்லை. 2008 மார்ச் 8 தேர்தலில் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை அங்கிருந்தபடியே வென்றார். அவரை அடைத்துவைத்தது அரசு, தேர்ந்தெடுத்தது மக்கள். யாரை நம்பலாம் என்று எடைபோட வாக்காளருக்குத் தெரியும்.

பொதுப்பணத்தைத் திருடியவரும் உடனே தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கூடாது என்பதே என் பதிலும். ஆனால் தடையை முடிவு செய்ய வேண்டியது குற்றத்தின் தன்மை. லஞ்சம், மோசடி, வன்முறைக்குத் தடை இருக்கட்டும். பேசியதற்கு விதித்த அபராதத்துக்கு வேண்டாம். சிறைக்குள் இருப்பவரின் ஓட்டுத் தடையையும் நாடு மறுபரிசீலனை செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்கா 1999இலும் கனடா 2002இலும் நீதிமன்றத் தீர்ப்பால் கைதிகளின் ஓட்டைக் காத்தன. நீதிபதி பறிப்பது நடமாடும் சுதந்திரத்தை. குடிமகன் என்ற தகுதியை அல்ல.

அடுத்த வாரம்: பழைய குற்றப் பதிவு வேலைக்குக் குறுக்கே நிற்கும்போது என்ன செய்வது?

(தொடரும்)