ஈரத்தை அளக்கும் உப்பு

ஓட்டமாவடியில் ஏசி பூட்டுகிறவர்கள் குளிருக்குக் காசு கொடுப்பதாகவே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காசில் பெரிய பங்கொன்று தண்ணீருக்குப் போகிறது. பாலத்தடியில் வாவி, சற்று அப்பால் கடல் என்று அமைந்த ஊர் இது. வெப்பம் 28 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் உள்ள ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். அப்போது காற்றின் ஒவ்வொரு கன மீற்றரிலும் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் 24 பாகையும் 55 சதவீதமும் வேண்டுமென்றால் 12 கிராம்தான் இருக்கலாம். மிச்சம் 10 கிராமையும் குளிர்ச்சுருளில் படியவைத்து வெளியே வடியவிட வேண்டும். காற்றை 4 பாகை இறக்க 5 கிலோஜூல் போதும். அந்த 10 கிராம் ஆவியை நீராக்க 24 கிலோஜூல் வேண்டும். வெப்பநிலையை மட்டும் பார்த்து இயங்கும் ஏசிக்கு இந்தப் பெரிய வேலை கண்ணில் படுவதே இல்லை. அறைக்கு மிஞ்சிய ஏசி என்றால் இன்னும் மோசம். சட்டென்று 24 பாகையை எட்டி கொம்பிரசர் நின்றுவிடும். சுருளில் ஒட்டியிருந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். குளிரும் இருக்கும், நசநசப்பும் இருக்கும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணமும் பிடிக்கும்.

இந்தத் துறை தொடங்கியதே ஈரத்தில்தான். 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த அச்சகமொன்றில் கோடை ஈரத்தால் கடதாசி விரிந்து சுருங்கியது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கரியர் வகுத்த அமைப்பே இன்றைய ஏசியின் முன்னோடி. மனிதர் வியர்க்காமல் இருப்பதற்காக அல்ல, கடதாசி ஒழுங்காக இருப்பதற்காகப் பிறந்தது. (வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பக்கத்தில் வைத்திருந்த ஊருக்கு இது எளிதில் விளங்கும்.)

ஈரத்தை ஆள வேண்டுமென்றால் முதலில் அதை அளக்க வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்புகளில் உள்ள ஈரப்பதன் சென்சரில் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மெல்லிய பொலிமர் படலம் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் அளவுக்கேற்ப அதன் மின்கொள்ளளவு மாறும். கடற்காற்றின் உப்புத்தூசி அந்தப் படலத்தின்மேல் படிந்தால் அளவு பிசகத் தொடங்கும். அந்தத் தூசியில் பெரும்பங்கான சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். நடு ஆண்டில் மலைகளைத் தாண்டி இறங்கிவரும் கச்சான் காற்றின் பகல்களில் அது காய்ந்த தூளாகக் கிடக்கும்; ஈரம் கூடிய இரவிலும் மாரி காலத்திலும் மின்சாரம் கடத்தும் உப்புநீராகிவிடும். சர்க்கிட் போர்டின் செப்புத் தடங்கள் பச்சை பிடிப்பது இப்படித்தான். வெப்பநிலை சென்சரும் தப்பாது. பரவலாகப் பயன்படும் தெர்மிஸ்டர் 25 பாகையில் 10,000 ஓம் தடை காட்டும். ஒரு பாகை குறைந்தால் ஏறத்தாழ 450 ஓம் கூடும். துருப்பிடித்த வயர் முனை அதே 450 ஓமைச் சேர்த்தால், அறை ஒரு பாகை குளிர்ந்துவிட்டது என்று கொன்ட்ரோலர் நம்பிவிடும்.

எனவே இங்கே ஒரு தொழில்நுட்பவியலாளரின் தலையாய வேலை பாகம் மாற்றுவதல்ல, அளவு உண்மையா என்று பார்ப்பது. இதையெல்லாம் இன்று மென்பொருளே பார்த்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மைதான். ஒரு சென்சர் மட்டும் பக்கத்துச் சென்சர்களோடு ஒத்துப்போகாவிட்டால் நல்ல அமைப்பு எச்சரிக்கும். ஆனால் ஒரே கடற்காற்றில் ஒரே காலம் இருந்த சென்சர்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பிசகலாம். எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னால் மென்பொருளுக்கு அதுதான் மெய். வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். சென்சர் மலிவுதானே, மாற்றிவிட்டால் போகிறது என்பதும் சரியான பதில் அல்ல. புதியது சரியாக அளக்கிறதா என்பதற்கும் சாட்சி வேண்டுமே.

அந்தச் சாட்சி குசினியிலேயே இருக்கிறது. போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, முழுதும் கரையாமல் சேறாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, சென்சரில் படாமல் அதனோடு சேர்த்து ஒரு பையில் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், சில மணி நேரத்தில் பைக்குள் ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிலைக்கும். வெப்பம் 20 பாகையானாலும் 30 ஆனாலும் இது அசையாது. சென்சரைக் கெடுத்த அதே உப்புதான், அதே 75தான்.

காற்றோட்டமும் ஓட்டுக்கூரையும் இருக்கையில் இவ்வளவு இயந்திரம் எதற்கு என்பவர்களின் கேள்வி நியாயமானது. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் கண்டலமா ஹோட்டலில் நடைபாதைகள் ஏசியில்லாமல் திறந்தே கிடக்கின்றன. வீடுகளுக்கு அந்த வழிதான் நல்லது. ஆனால் சத்திரசிகிச்சைக்கூடத்தையும் மருந்துக் களஞ்சியத்தையும் வாவிக்காற்றுக்குத் திறந்துவிட முடியாது. பாசிக்குடா ஹோட்டல்களின் மூடிய அறைகளும் அப்படியே. அங்கெல்லாம் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் வடிகட்டி கழுவுவதற்கும் காஸ் பார்ப்பதற்கும் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: மாலையில் உப்போடு வைத்த சென்சர் மறுநாள் காலையில் காட்டிய எண். அதற்காக அந்தத் தொழில்நுட்பவியலாளர் இரண்டு தரம் வர வேண்டியிருக்கும். இரண்டு தரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும்.