எறிகணைத் தொழிற்சாலையில் பிறந்த உதைபந்தாட்ட அணி

உதைபந்தாட்டம் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது ஆண்களின் விளையாட்டே. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் பெண்கள் ஆடிய ஒரு போட்டியைக் காண 53,000 பேர் திரண்டார்கள். இடமில்லாமல் வெளியே நின்று திரும்பிப் போனவர்கள் மேலும் பல்லாயிரம் பேர். அன்று மைதானத்தில் நின்றவர்கள் வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் அல்லர். போர்க்காலத்தில் வீட்டுச் சுமையைச் சுமப்பதற்காகத் தொழிற்சாலை வேலைக்குப் போன சாதாரண தொழிலாளிகள். 'டிக் கேர் பெண்கள் அணி' என்ற அவர்களது கழகத்தின் கதை எம்மைப் போன்ற பெண்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

போர் திறந்த கதவு

1914 ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பிரித்தானிய ஆண்கள் இலட்சக்கணக்கில் போர்முனைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற வேலைகளைப் பெண்கள் பொறுப்பேற்றனர். வட இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகரில் ட்ராம் வண்டிகளுக்கும் புகையிரதங்களுக்கும் உபகரணங்கள் செய்துவந்த டிக் கேர் நிறுவனம், போர் காரணமாக எறிகணைகள் செய்யும் இடமாக மாறியது. அங்கும் பெண்கள் வந்து சேர்ந்தனர். வெடிமருந்தோடு செய்யும் வேலை ஆபத்தானது. அக்காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதன் நஞ்சினால் பல பெண்களின் தோல் மஞ்சளாகிப் போனது.

இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் இந்தப் பெண்கள் பந்தடித்துப் பொழுதுபோக்கினார்கள். 1917 இல் தொழிற்சாலை ஆண்களின் அணி தொடர்ந்து தோற்றபோது, "உங்களைவிட நாங்கள் நன்றாக ஆடுவோம்" என்று பகிடி பண்ணினார்கள். பகிடி சவாலாகியது, பெண்கள் ஆண்களோடு மோதினார்கள். இதற்கு முன்னின்றவர் கிரேஸ் சிபேட் என்ற தொழிலாளி. அவரது கணவர் அப்போது எதிரியின் கையில் போர்க்கைதியாக இருந்தார்.

அந்நகரில் காயமடைந்த படையினருக்கான வைத்தியசாலை ஒன்று இருந்தது. அதற்கு நிதி சேர்க்க ஒரு இசை நிகழ்ச்சி நடத்த முடியுமா என்று கிரேஸிடம் கேட்கப்பட்டது. பாட்டுக் கச்சேரி வேண்டாம், பந்தாட்டமே நடத்துவோம் என்று பெண்கள் தீர்மானித்தனர். அலுவலகத்தில் பணிபுரிந்த அல்பிரட் பிராங்லண்ட் என்பவர் ஏற்பாடுகளைக் கவனித்தார். 1917 நத்தார் தினத்தன்று டீப்டேல் மைதானத்தில் இன்னொரு தொழிற்சாலைப் பெண்களை இவர்கள் 4–0 என்ற கோல் கணக்கில் வென்றனர். 10,000 பேர் பார்த்தனர். அக்காலத்தில் பெருந்தொகையான சுமார் 200 பவுண் வைத்தியசாலைக்குக் கிடைத்தது.

புகழின் உச்சம்

1918 இல் போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்ததும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். ஆனால் இந்த அணி கலையவில்லை. காயமடைந்தவர்களும், அவயவங்களை இழந்தவர்களும், வேலையற்ற முன்னாள் படையினரும் நாடெங்கும் இருந்தார்கள். அவர்களுக்கு உதவி கேட்டு வந்த அழைப்புகளும் நிற்கவில்லை.

1920 ஏப்ரலில் அலிஸ் மில்லியா அம்மையார் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் அணியை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். முதற் போட்டியை 25,000 பேர் பார்த்தனர். அதே ஆண்டு டிக் கேர் அணியும் பிரான்ஸ் சென்று ஆடியது. டிசெம்பரில் இரவுப் போட்டி ஒன்றும் நடந்தது. போரில் விமானங்களைத் தேடப் பயன்பட்ட தேடொளி விளக்குகளே மைதானத்துக்கு வெளிச்சம் தந்தன. இருட்டில் தெரிவதற்காகப் பந்துக்கு வெள்ளை பூசினார்கள்.

அதே மாதம் 26 ஆம் திகதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் நடந்ததுதான் நாம் முதலில் குறிப்பிட்ட போட்டி. சென் ஹெலன்ஸ் பெண்கள் அணியை இவர்கள் 4–0 என வென்றார்கள். 3,000 பவுணுக்கு மேல் நிதி சேர்ந்தது. பெண்கள் கழகப் போட்டி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் கூட 2019 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த அணியின் நட்சத்திரம் லில்லி பார். 1905 இல் பிறந்த இவர் 14 வயதில் அணியில் சேர்ந்தார். உயரமான உடல்வாகும், இடது காலின் பலமான உதையும் இவரைப் பிரபலமாக்கின.

மூடப்பட்ட கதவு

1921 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 150 பெண்கள் அணிகள் இருந்தன. அவ்வாண்டு சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிழந்து பட்டினி கிடந்தபோது, அவர்களது குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடி நிதி சேர்த்தன.

அந்த வளர்ச்சிக்கு 1921 டிசெம்பர் 5 ஆம் திகதி தடை விழுந்தது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தனது கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாதெனத் தீர்மானித்தது. இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்பது ஒரு காரணம். சேரும் பணத்தில் பெருமளவு செலவுக்குப் போகிறது என்பது மற்றொன்று. பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்று கூறிய வைத்தியர்களும் இருந்தனர். அதே பெண்கள் நாள் முழுவதும் நின்று எறிகணை செய்த காலத்தில் அவர்களது உடலைப் பற்றி இவ்வளவு கவலை எழவில்லை.

செலவு பற்றிய குற்றச்சாட்டுக்கு அணித்தலைவி அலிஸ் கெல் பதில் சொன்னார். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் சம்பளத்தை இழந்து ஊரூராகச் சென்று ஆட முடியாது; அந்த நட்டத்தை ஈடுசெய்வது நியாயமே என்பது அவரது வாதம். பொதுப்பணி செய்யும் பெண்ணுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவர் கூச்சமின்றிச் சொன்னார்.

ஓயாத கால்கள்

மைதானம் மறுக்கப்பட்டதும் பல அணிகள் மெல்ல மெல்ல மறைந்தன. டிக் கேர் பெண்கள் கிடைத்த திடல்களில் ஆடினார்கள். 1922 இல் கனடா செல்லப் புறப்பட்டபோது அங்கும் தடை காத்திருந்தது. உடனே அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். ஒன்பது போட்டிகளில் மூன்றில் வெற்றி, மூன்றில் சமநிலை, மூன்றில் தோல்வி!

1926 இல் தொழிற்சாலையுடனான தொடர்பு முறிந்தது. அதன் பின் 'பிரெஸ்ரன் பெண்கள் அணி' என்ற பெயரில் கழகம் நிலைத்தது. லில்லி பார் மனநல வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்துகொண்டே 1951 வரை விளையாடினார். 1965 இல் கழகம் மூடப்பட்டபோது அது ஆடியிருந்த போட்டிகள் 828. அவற்றில் 758 வெற்றி, 46 சமநிலை, 24 தோல்வி மட்டுமே.

ஐம்பது ஆண்டுகள் நீடித்த தடை 1971 இல் முற்றாக நீங்கியது. 2008 இல் சங்கம் மன்னிப்புக் கோரியது. 1978 இல் காலமான லில்லி பார் அதைக் கேட்க இருக்கவில்லை. 2002 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டப் புகழ்வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 2019 இல் மன்செஸ்ரர் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. 2022 இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது 87,192 பேர் கூடியிருந்தனர்.

நெருக்கடி வந்தால் "நீங்கள் இல்லாமல் முடியாது" என்பதும், நெருக்கடி தீர்ந்ததும் "இது பெண்களுக்குரியதல்ல" என்பதும் எமக்குப் புதிய பேச்சல்ல. பிரெஸ்ரன் பெண்களுக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால் அவர்கள் தனித்தனியே வீட்டுக்குள் ஒதுங்கவில்லை. ஒருவர் போக இன்னொருவர் வர, நாற்பத்தெட்டு வருடங்கள் அணியாக நின்றார்கள். சகோதரிகளே, ஊரில் நாம் கூடும் ஒவ்வொரு சங்கமும் ஒரு அணிதான். அதைக் கலைய விடாமல் காப்பது எமது கைகளில் இருக்கிறது.