கூடைப் பந்துப் பந்தயத்தின் கணக்கு

விளையாட்டுக்களின்மீது பந்தயம் கட்டுவதை ராஜ்யங்கள் அனுமதிக்கலாகாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் (அந்நாட்டுச் சட்டசபைக்கு அதுவே பெயர்) 1992-ம் வருஷத்தில் விதித்திருந்த தடையை, அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டார் 2018-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி ரத்துச் செய்தார்கள். அதுவரையில் நெவாடா ராஜ்யத்தில் மாத்திரமே ஒற்றை ஆட்டங்களின்மீது சட்ட பூர்வமாகப் பந்தயம் நடந்து வந்தது. இன்று பெரும்பாலான ராஜ்யங்களில் அது நடக்கிறது. பலவற்றில் கைபேசியிலேயே பணம் கட்டலாம். "கோர்ட்டே சம்மதித்துவிட்டது, இனி ஆட்சேபணை என்ன?" என்று கேட்பாருமுளர். தீர்ப்பைப் படித்தவர் அவ்வாறு கேளார். ராஜ்ய சட்டசபைகள் இன்ன சட்டம் செய்யலாகாதென்று மத்திய சர்க்கார் கட்டளையிட முடியாது என்பதே நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம். பந்தயம் நல்லதா, தீயதா என்ற கேள்வியைக் கோர்ட்டார் தீர்க்கவில்லை. அதை யோசிக்கப் புகுவோர், ஜெயித்தவனுக்குக் கம்பெனியார் கொடுக்கும் தொகை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியமென்று நாம் கருதுகிறோம். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கூடைப் பந்தில் மிகப் பழக்கமானது புள்ளி வித்தியாசப் பந்தயம். பலமுள்ள கட்சியும் பலமற்ற கட்சியும் மோதும்போது, யார் ஜெயிப்பார் என்பதில் பந்தயம் கட்ட ஆள் கிடைப்பது அரிது. ஆகவே கம்பெனியார் ஆறரைப் புள்ளி என்பதுபோல் ஒரு வித்தியாசத்தை விதிக்கிறார்கள். பலமுள்ள கட்சியின்மீது கட்டியவன் பணம் பெற வேண்டுமானால் அக்கட்சி ஏழு புள்ளிக்குக் குறையாமல் ஜெயிக்கவேண்டும். எதிர்க்கட்சி ஆறு புள்ளியில் தோற்றாலும் அதன்மீது கட்டியவனுக்குப் பணம் உண்டு. அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் வியக்க வேண்டாம். வித்தியாசம் முழு எண்ணாக இருந்து ஆட்டமும் சரியாக அதிலேயே முடிந்தால், கட்டிய பணத்தை இரு தரத்தாருக்கும் திருப்பிக் கொடுக்க நேரிடும்; அதைத் தவிர்க்கவே அந்த அரை.

இவ்வாறு இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக்கப்பட்ட பின், நூறு டாலர் கட்டினவன் ஜெயித்தால் நூறு டாலர் லாபம் பெறுவதே நியாயம். வழக்கமோ வேறு. நூறு டாலர் லாபம் பெற நூற்றுப்பத்து டாலர் கட்டவேண்டும். சீட்டில் "-110" என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் 110 டாலர் கட்டினால் கம்பெனியாருக்கு வரவு 220. ஜெயித்தவனுக்குக் கொடுப்பது 210. எவன் ஜெயித்தாலும் பத்து டாலர் பெட்டியில் நிற்கிறது. நூற்றுக்கு நாலரைதானே என்று அலட்சியம் செய்வார் சிலர். நூறு பந்தயம் கட்டி ஐம்பதில் ஜெயித்தவனுக்கு லாபம் 5,000, நஷ்டம் 5,500. ஐம்பத்திரண்டில் ஜெயித்தாலும் எண்பது டாலர் கைநஷ்டமே. ஐம்பத்துமூன்றாவது ஜெயத்தில்தான் அவன் தலை நிமிர்கிறது. ஆட்டத்தை நன்கறிந்தவனாயினும், வருஷக் கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்துமூன்று தடவை சரியாகச் சொல்வது எளிதன்று.

வித்தியாசமின்றி, ஜெயிக்கும் கட்சியை மாத்திரம் சொல்லும் பந்தயமும் உண்டு. பலமுள்ள கட்சிக்கு "-200" என்றும் மற்றதற்கு "+170" என்றும் போட்டிருந்தால், முன்னதில் 200 கட்டி 100 லாபம் பெறலாம். பின்னதில் 100 கட்டி 170 பெறலாம். இவ்விரு விகிதங்களையும் நூற்று வீதமாக மாற்றிப் பார்த்தால் ஒன்று 66.7, மற்றது 37. கூட்டினால் 103.7 வருகிறது. உலகில் எந்த ஆட்டத்திலும் இரு கட்சியாரின் வாய்ப்பும் சேர்ந்து நூறுக்கு மேற்படாது. மேற்பட்ட பாகம் கம்பெனியாருடையது.

இவையெல்லாம் கம்பெனியாருக்குச் சில்லறை வருமானமே. 'பார்லே' என்னும் சேர்மானப் பந்தயத்தைத்தான் அவர்கள் விளம்பரங்களில் ஓயாமல் புகழ்கிறார்கள். நான்கு ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டில் கட்டி, நான்கிலும் சொன்னது பலித்தால், பத்து டாலருக்குச் சுமார் 133 டாலர் கிடைக்கும். கேட்கும்போதே வாயில் நீர் ஊறும் தொகைதான். ஆனால் ஒவ்வொன்றும் சரிபாதி வாய்ப்புள்ளதாயின் நான்கும் பலிப்பது பதினாறில் ஒரு தடவை. நியாயமாகக் கிடைக்கவேண்டியது 160. ஒற்றைப் பந்தயத்தில் நூற்றுக்கு நாலரையாக இருந்த கழிவு, நான்கைச் சேர்த்ததும் பதினேழாகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே வாங்கும் தரகு ஒன்றோடொன்று பெருகுவதே இதன் காரணம். கூலிக்காரனும் கல்லூரி மாணவனும் விரும்பி வாங்குவது இந்தச் சீட்டையே. ஏனெனில் சிறு தொகையைப் பெருந்தொகையாகக் காட்டுவது இது ஒன்றே.

புள்ளி வித்தியாசத்தினால் விளைந்த வேறொரு தீங்கையும் குறிப்பிட வேண்டும். தன் கட்சியைத் தோற்கடிக்கச் சம்மதியாத ஆட்டக்காரனும், ஜெயிக்கும் அளவைச் சிறிது குறைத்துக் கொடுக்கச் சம்மதிக்கக்கூடும். நியூயார்க் சிட்டி காலேஜ் கட்சி 1950-ல் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிப் போட்டிகளிலும் வாகை சூடிற்று. மறு வருஷமே அக்கட்சியின் ஆட்டக்காரர் சிலர் பணம் பெற்றுப் புள்ளிகளைக் குறைத்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டனர். ஏழு கல்லூரிகள் அவ்விவகாரத்தில் சிக்கின. சட்டம் அனுமதித்துவிட்டால் இவையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து ஒழியுமென்றனர். ஓரளவு உண்மைதான். டொராண்டோ கட்சியின் ஜோண்டே போர்ட்டர் என்பவர் குறைவாக ஆடுவார் என்று 2024 மார்ச்சில் 80,000 டாலர் கட்டப்பட்டது. பலித்தால் பெறவேண்டியது 11 லட்சம் டாலர். அன்று அவர் உடல்நலமில்லையென்று சில நிமிஷங்களில் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். கம்பெனியார் ஐயுற்றுப் பணத்தை நிறுத்தினர். ஏப்ரலில் அவர் ஆயுட்காலத்துக்கும் விலக்கப்பட்டார். அதிகாரிகள் கண்டுபிடித்ததைப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு தனி ஆட்டக்காரன் எவ்வளவு குறைவாக ஆடுவான் என்பதன்மீது அத்தகைய சீட்டு விற்கப்பட்டதே ஏன் என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

தடை ஒன்றே வழி என்பாரும், தனி மனிதன் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செலவிடலாமென்பாரும் அங்கே வாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்விரு தரத்தாரும் ஒப்பக்கூடிய காரியம் ஒன்றிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குதிரைப் பந்தயத்து டோட்டில், எல்லோரும் கட்டிய பணத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழித்து மிச்சத்தையே ஜெயித்தவர்களுக்குப் பங்கிடுகிறார்கள். அக்கழிவு இவ்வளவென்று முன்கூட்டியே விதித்திருப்பார்கள். கூடைப் பந்துச் சீட்டிலோ கழிவு என்ற சொல்லே கிடையாது. "-110" என்ற குறியினுள் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. கடன் கொடுப்பவர் வருஷ வட்டி வீதத்தைப் பத்திரத்தில் தெளிவாகக் காட்டவேண்டுமென்று 1968-லேயே சட்டம் செய்த நாடு அமெரிக்கா. அந்த விதியைப் பந்தயக் கம்பெனியாருக்கும் விரித்து, ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் "இதில் நூற்றுக்கு இவ்வளவு எங்களுக்கு" என்று, வரக்கூடிய லாபத்தைப் போடும் அதே அளவு எழுத்தில் அச்சிடச் செய்வதில் என்ன தடை? நான்கு ஆட்டச் சேர்மானச் சீட்டின்மேல் பதினேழு என்ற எண் பெரிதாக நிற்குமாயின், அதை வாங்குவோர் எத்தனை பேர் என்பதைக் கம்பெனியார் நன்கு அறிவார்கள்.