கண்ணுக்கு இறக்கம், இன்ஜினுக்கு ஏற்றம்: ட்ரெயின் சிமுலேட்டரில் ஏன் இந்தக் குழப்பம்?

கம்ப்யூட்டரில் ட்ரெயின் சிமுலேட்டர் ஓட்டுகிறீர்கள். முன்னால் பாதை லேசாக இறங்குவது போலத் தெரிகிறது. ‘இறக்கம்தானே’ என்று பவரைக் குறைக்கிறீர்கள். ஆனால் வேகம் 60, 50, 40 என்று விழுகிறது. ‘கேம்ல ஏதோ பக் போல’ என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் கேம் சரியாகத்தான் இருக்கும். ஏமாந்தது நம் கண்.

ரயில் பாதையின் சரிவு எவ்வளவு?

வட இங்கிலாந்தின் செட்டில் - கார்லைல் தடத்தை எடுத்துக்கொள்வோம். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரிலேயே இடம்பெற்ற தடம் இது. செட்டில் பக்கத்திலிருந்து பிளே மூர் வரை சுமார் 24 கி.மீ. தூரத்துக்குப் பெரும்பாலும் 100-க்கு 1 ஏற்றம். அதாவது 100 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். ‘லாங் டிராக்’, அதாவது நீண்ட இழுவை என்பது இந்த ஏற்றத்தின் பட்டப்பெயர்.

கோணமாகப் பார்த்தால் இது அரை டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வானத்தில் முழு நிலாவின் அகலமே கிட்டத்தட்ட அரை டிகிரி. கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 500 டன் ரயிலை இந்தச் சரிவு 5 டன் விசையோடு பின்னால் இழுக்கும். இன்ஜின் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

கண் எப்படி ஏமாறுகிறது?

சரிவை நம் கண் தனியாக அளப்பதில்லை. அடிவானம், பக்கத்து நிலம், மரங்கள், வேலி என்று சுற்றி இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. சுற்றியுள்ள நிலம் 60-க்கு 1 என்று ஏறி, தண்டவாளம் 100-க்கு 1 மட்டும் ஏறினால், தண்டவாளம் இறங்குவது போலவே தோன்றும். மலைகள் அடிவானத்தை மறைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

லடாக்கின் ‘மேக்னடிக் ஹில்’லில் கார் தானாக ஏறுவது போலத் தெரிவதும் இதனால்தான். காந்தமெல்லாம் கிடையாது. 2003-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் மேசை மேல் வைத்த சிறிய மாதிரிகளிலேயே இதே மாயத்தை உருவாக்கிக் காட்டினார்கள்.

சிமுலேட்டரில் ஏன் இன்னும் மோசம்?

முதல் காரணம், கேமரா. அது இன்ஜின் கேபினோடு சேர்ந்தே சாய்வதால், ஏற்றமோ இறக்கமோ தண்டவாளம் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியோ அசைவதில்லை. உடம்பிலிருந்து எந்தத் தகவலும் வராததால் மூளை முழுக்கக் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நிலத்தின் வடிவம். பல தடங்களுக்கு, 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தகவல்கள் போன்றவையே அடிப்படை. அதில் 30 அல்லது 90 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். உயரத்தில் சில மீட்டர் பிழையும் இருக்கலாம். ரயிலுக்காக மலையை வெட்டிய பள்ளமும், மண் கொட்டி உயர்த்திய கரையும் அதில் சரியாகப் பதிவாகாது. தண்டவாளத்தின் சரிவைத் துல்லியமாகப் போட்டாலும், பக்கத்து நிலம் தப்பாக இருந்தால் கண் தப்பாகவே படிக்கும். ஆற்று நீரைச் சற்றே சாய்த்து வைத்துவிட்டால் இன்னும் சிக்கல். தண்ணீர்தானே மட்டம் என்று கண் நம்பும்.

அப்போ எதை நம்புவது?

எண்ணைத்தான். சிமுலேட்டர் வேகத்தைக் கணக்கிடுவது தண்டவாளத்துக்குக் கொடுத்த சரிவு எண்ணை வைத்து. காட்சியை வைத்து அல்ல. பல சிமுலேட்டர்களில் அந்த எண்ணைத் திரையிலேயே பார்க்கலாம்.

நிஜ ரயில்வேயும் கண்ணை மட்டும் நம்புவதில்லை. பாதை ஓரம் சரிவு மாறும் இடங்களில் ‘கிரேடியன்ட் போஸ்ட்’ நிற்கும். அதன் கைகள் ஏற்றமா, இறக்கமா, எத்தனைக்கு 1 என்று சொல்லும். புதுத் தடத்தில் தனியாக ஓட்டும் முன் லோகோ பைலட் அந்தத் தடத்தைக் கற்றுத் தேற வேண்டும். காரணம், இந்த மாயம் தலைகீழாகவும் நடக்கும். இறங்குகிற பாதை மட்டமாகத் தெரிந்தால் பிரேக் தாமதமாகும். சிமுலேட்டரில் அதற்கு விலை சில பாயின்ட்டுகள். நிஜத்தில் பின்னால் ஆயிரக்கணக்கான டன் சரக்கு தள்ளிக்கொண்டிருக்கும்.