இசக்கியும் யட்சியும்: எல்லையூர் அச்சச்சொற்களும் சிறார் புனைகதை மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

8 வயது முதல் 12 வயது வரையிலான சிறார்க்கென எழுதப்படும் அச்சச் சாகசக் கதைகளை ஆங்கிலத்திலிருந்தோ மலையாளத்திலிருந்தோ தமிழாக்கம் செய்யுங்கால், மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் பெயர்ச்சொற் சிக்கலே ஆகும். மூலத்தில் வெவ்வேறு பெயர் பூண்டு வரும் அமானுட உருக்கள் தமிழில் ‘பேய்’ என்னும் ஒரே சொல்லில் ஒடுங்கிவிடுகின்றன. அன்றி, வட்டாரச் சொல் ஒன்று அதன் வழிபாட்டுப் பொருள் கருதப்படாமல் எடுத்தாளப்படுகிறது. முன்னதனால் கதை சிதைகிறது. பின்னதனால் வாசகன் புண்படுகிறான். இவ்விரு குறைகளின் தன்மையையும் அறிவதற்கு, ஒரே சொற்றொகுதி இரு மொழிகளில் இரு பொருளில் வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்கள் தக்க களமாகின்றன. அச்சச்சொல் என்பது ஓர் உருவின் பெயர் மட்டுமன்று. அவ்வுருவுக்கு அஞ்சுவோர் பின்பற்றவேண்டிய விதிகளின் தொகுப்பும் ஆகும் என்பதை நிறுவுவதும், அதனடிப்படையில் மொழிபெயர்ப்புக்குச் சில நெறிகளைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. களம்

நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தென்கோடியில் அமைந்துள்ளது. பாறசாலை அவ்வட்டத்தின் எல்லைப்புற ஊராகும். அதனையடுத்த களியக்காவிளை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்பின்படி தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிக்கப்பட்டுச் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று; எனினும் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது.

எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்த அளவிற்குப் பேச்சைப் பிரிக்கவில்லை. நீரைக் குறிக்கும் ‘வெள்ளம்’, நினைவைக் குறிக்கும் ‘ஓர்மை’ முதலிய சொற்கள் விளவங்கோட்டுத் தமிழிலும் அப்பாலுள்ள மலையாளத்திலும் ஒருங்கே வழங்குகின்றன. இவை பொருள் மாறாத பொதுச்சொற்கள். அச்சத்தின் பெயர்களோ இவ்வாறு அமையவில்லை. அவை வடிவில் ஒத்தும் பொருளில் பிரிந்தும் நிற்கின்றன. எல்லையூர்ச் சிறுவன் இரு பொருளையும் அறிந்தே வளர்கிறான்; அவனுக்கென மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே அறிந்திருக்கிறார்.

3. இயக்கி, இசக்கி, யட்சி

வடமொழி ‘யக்ஷீ’ பிராகிருத வடிவின் வழியாகத் தமிழில் ‘இயக்கி’ ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி வழிபடும் தெய்வம் இயக்கியே. உயிர் > உசிர், முயல் > முசல், உயரம் > உசரம் என்றாற்போல் உயிரிடை யகரம் சகரமாகும் பேச்சுவழக்கு மாற்றத்தால் இயக்கி ‘இசக்கி’ ஆனது. மலையாளமோ பிற்காலத்தில் வடமொழி வடிவத்தையே மேற்கொண்டு ‘யக்ஷி’ என வழங்குகிறது. தமிழ் எழுத்து வழக்கில் அது ‘யட்சி’ எனப்படும். ஆகவே இசக்கி தற்பவம், யட்சி தற்சமம். இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை.

பொருள்நிலையில் இவை எதிரெதிர்த் திசைகளில் சென்றுள்ளன. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் இசக்கி குழந்தையை ஏந்திய தாய்த்தெய்வம். மகப்பேற்றுக்கும் குழந்தை நலத்துக்கும் வேண்டப்படுபவள். இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என மக்கட்பெயர்களும் வழங்குகின்றன. மலையாள நாட்டுப்புறக் கதைகளின் யட்சியோ பனைமரத்திலும் ஏழிலைப்பாலையிலும் உறைபவள். அழகிய பெண்ணாகத் தோன்றி வழிப்போக்கரை அழைத்துச் சென்று குருதி குடிப்பவள். முன்னதைப் பொருள் உயர்பு எனவும் பின்னதைப் பொருள் இழிபு எனவும் குறிக்கலாம்.

இப்பகுப்பு முற்றுமுடிந்த ஒன்றன்று. விளவங்கோட்டு வட்டத்துச் சிதறால் மலையில் சமண இயக்கியரின் சிற்பங்கள் உள்ளன. அத்தலம் பின்னர்ப் பகவதி கோயிலாயிற்று. காஞ்சிரோட்டு யட்சி குருதி குடிப்பவளாகக் கதைகளில் வந்தபோதிலும், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோடு இணைத்து வணங்கப்படுகிறாள். எனவே மலையாள வழக்கிலும் யட்சி வழிபாட்டை முழுதும் இழந்துவிடவில்லை. ஆயினும் கதைசொல்லலில் ‘யட்சி’ என்றவுடன் எழும் முதற்பொருள் அச்சமே. ‘இசக்கி’ என்றவுடன் எழும் முதற்பொருள் அம்மனே. மொழிபெயர்ப்பில் கருதத்தக்கது இம்முதற்பொருள் வேறுபாடாகும்.

4. சாத்தனும் மாடனும்

இதே போக்கினைப் பிற சொற்களிலும் காணலாம். தமிழில் ‘சாத்தன்’ என்பது ஐயனாரின் பெயர். சீத்தலைச் சாத்தனார் போன்ற புலவர் பெயர்களிலும் பயின்றுவருவது. மலையாளத்தில் ‘குட்டிச்சாத்தன்’ குறும்பும் ஏவலும் செய்யும் குறளுரு. இச்சொல் தமிழுக்கு மீண்டும் வந்தபொழுது ‘குட்டிச்சாத்தான்’ என ஈற்றயல் நீண்டது. இந்நீட்சியில் விவிலியத் தமிழின் ‘சாத்தான்’ கலந்திருத்தல் கூடும். மலையாள எழுத்தில் ‘சாத்தன்’ என்பதன் முதலெழுத்தும் ‘சாத்தான்’ என்பதன் முதலெழுத்தும் வேறுவேறு. ஆதலின் அங்கு மயக்கமில்லை. தமிழ் எழுத்திலோ இரண்டுக்கும் சகரமே முதல். வேறுபாடு ஒரு நெடிலில் மட்டுமே தங்கியுள்ளது.

1984இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமாகும். மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தனுக்கும் சிறார்க்கும் ஏற்படும் நட்பே அதன் கதை. அதன் தமிழ் வடிவம் ‘சுட்டிச் சாத்தான்’ என்னும் பெயருடன் வந்தது. அதே 1984இல் மலையாளச் சிறுவர் இதழான ‘பாலரமா’வில் தொடங்கிய ‘மாயாவி’ படக்கதையும் சிறார்க்கு உதவும் நல்ல குறளுருவையே தலைவனாகக் கொண்டது. மலையாளச் சிறுவனுக்குச் சாத்தன் விளையாட்டுத் தோழனாகிவிட்ட நிலையில், தமிழ்த் தலைப்பைப் படிக்கும் கிறித்தவச் சிறுவனுக்கு அச்சொல் தீமையின் தலைவனை நினைவூட்டும். எல்லையூர்களில் கிறித்தவர் மிகுதியும் வாழ்கின்றனர் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

மாடனின் நிலையும் இத்தகையதே. தென் தமிழகத்தில் சுடலைமாடன் குலதெய்வம். மலையாளப் பேச்சில் ‘மாடனும் மறுதையும்’ என இணைத்துக் கூறுகையில் அவை இருட்டில் அஞ்சவைக்கும் உருக்கள். அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் ‘மாடன் தம்புரான்’ என வணங்கும் கோயில்களும் உள. ‘பேய்’ என்னும் பொதுச்சொல்லுக்கும் இவ்விரட்டை வழக்கு உண்டு. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் எனவே குறித்துக்கொண்டதைத் தமிழறிந்தோர் அறிவர்.

5. அச்சமும் கதைவிதியும்

5.1 பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட பழைய வழி இவ்வெல்லையூர்ப் பகுதியைக் கடந்து செல்வது. அவ்வழியில் திரிந்த யட்சியொருத்தியின் கதையைக் கொட்டாரத்தில் சங்குண்ணி (1855-1937) தம் ‘ஐதிகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் வரலாற்றுடன் இணைத்துக் கூறியுள்ளார். வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது அவள் வழக்கம். கத்தனார் அவள் தலையில் இரும்பாணியை அறைந்து வசப்படுத்துகிறார். காயங்குளத்தில் மூதாட்டி ஒருத்தி அவள் தலையைக் கோதுகையில் ஆணியைக் கண்டு, இரக்கத்தால் பிடுங்கிவிட, யட்சி மறைந்துவிடுகிறாள்.

இக்கதை முழுவதும் விதிகளால் இயங்குகிறது. யட்சி தானே வந்து பற்றுவதில்லை, கேட்கிறாள். கேட்டதற்கு மறுமொழி கூறுபவனே அகப்படுகிறான். இரும்பு அவளைக் கட்டும்; இரும்பு நீங்கினால் கட்டு நீங்கும். ஆணியை நீக்குவது பகையன்று, அறியாமையொடு கூடிய அன்பு. சிறார் சாகசக் கதைக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இதில் அமைந்துள்ளன.

5.2 தமிழ் வழக்கிலுள்ள நீலி கதைக்கு வேறு விதி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு தொடர்புடைய இக்கதை ‘நீலகேசி’ என்னும் சமணக் காப்பியத்துக்கும் தோற்றுவாயாயிற்று. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இது பஞ்சவன்காட்டில் நிகழ்வதாகப் பாடப்பட்டு, இசக்கியின் வரலாறாகிறது. நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகனைத் தன் கணவன் என ஊராரிடம் முறையிடுகிறாள். ஊரார் அவள் சொல்லை நம்பி, வணிகனுக்குத் தம் உயிரையே பிணையாகக் கூறி, இருவரையும் ஓரறையில் தங்கவைக்கின்றனர். அவன் மாய்கிறான்; ஊராரும் சொன்ன சொல்லுக்காக உயிர் துறக்கின்றனர். மலையாளத்தில் இவளே கள்ளியங்காட்டு நீலி. 2025இல் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படம் அவளை மக்களைக் காக்கும் வீரநாயகியாக்கியது.

5.3 மேனாட்டு வாம்பயரின் விதி இவ்விரண்டிலும் வேறானது. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில், வீட்டார் ஒருவர் அழைத்தாலன்றி அவ்வுரு வீட்டினுள் முதன்முறை நுழைய இயலாது. ஆகவே வாம்பயர் அழைக்கப்படவேண்டியது, யட்சி அழைப்பவள், நீலி ஊராரின் சொல்லால் உள்ளே விடப்படுபவள். மூன்றும் உயிர் குடிப்பன. ஆயினும், ‘வாயிலை யார் திறக்கிறார்’ என்னும் ஒரு பொருட்கூறு மூன்றையும் வேறுபடுத்துகிறது.

மூன்றினையும் ‘பேய்’ எனப் பெயர்த்தால் நேர்வது யாது? தமிழ்ப் பேய்க்கு வாயில் தடையன்று என்பதைச் சிறுவன் அறிவான். எனவே பேய் வாயிலில் நின்று கெஞ்சும் காட்சி அவனுக்கு நகைப்பையோ குழப்பத்தையோ தரும். கதைத்தலைவி வாய்தவறி ‘உள்ளே வா’ என்று சொல்லும் இடம் மூலத்தில் உச்சநிலை. பெயர்ப்பில் அது வெறும் உபசாரமாகிவிடுகிறது. ‘அம்புலிமாமா’வில் நெடுங்காலம் வெளிவந்த வேதாளக் கதைகளைச் சிறார் விரும்பிப் படித்ததற்குக் காரணம், வேதாளத்தின் விதி தெளிவாக இருந்தமையே எனலாம். அரசன் பேசினால் வேதாளம் மரமேறும். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும். விதியை அறிந்த சிறுவன், அச்சத்தை அளந்து அதனை வெல்லும் வழியையும் தேடுகிறான். விதியற்ற அச்சம் அவனுக்குக் கதையாவதில்லை.

6. பெயர்ப்பு நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம்.

(அ) பெயரைத் தேடுமுன் விதியைத் தேடுதல் வேண்டும். உரு எங்கு உறைகிறது, எதைக் கேட்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எதனால் விடுபடுகிறது என்னும் நான்கு வினாக்களுக்கு மூலநூலிலிருந்து விடை கண்டபின்னரே பெயர் தெரிவு செய்யப்படவேண்டும். இவற்றுள் எவ்விதி கதை முடிச்சை அவிழ்க்கிறதோ, அதனோடு முரணும் தமிழ்ச்சொல்லை விலக்குதல் நன்று.

(ஆ) வழிபாட்டில் உள்ள பெயரையும் மக்கட்பெயரில் பயிலும் பெயரையும் அயல்நாட்டுக் கொடிய உருவுக்குச் சூட்டலாகாது. இசக்கி, மாடன் ஆகியன இவ்வகையின. வாம்பயருக்குப் பெருவழக்காகிவிட்ட ‘இரத்தக் காட்டேரி’யும் ஆராயத்தக்கது, காட்டேரி தமிழகத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் தெய்வமாக வணங்கப்படுவது. இசக்கிமுத்து என்னும் பெயருடைய மாணவன் வகுப்பில் உரக்கப் படிக்கும் நூலில் இசக்கி குழந்தைகளைத் தின்பவளாக வருவாளாயின், கேலிக்குள்ளாவது அவன் பெயரும் அவன் தாயின் வழிபாடுமாகும்.

(இ) மலையாள மூலத்தில் யட்சி எனவரின் தமிழிலும் ‘யட்சி’ என்றே நிறுத்துதல் தகும். வேர் ஒன்று என்பதால் ‘இசக்கி’ எனப் பெயர்த்தல் சொற்பிறப்பியலுக்குப் பொருந்தலாம், பொருளுக்குப் பொருந்தாது. மறுதலையாக, வில்லுப்பாட்டுக் கதையைச் சிறார்க்கு எழுதுகையில் இசக்கியை யட்சியாக்கினால், கொலையுண்டவள் தெய்வமாகி நிலையம் பெறும் முடிவு பொருளற்றதாகிவிடும்.

(ஈ) பொருத்தமான சொல் இல்லாதவிடத்து, பொதுச்சொல் ஒன்றை எடுத்துக் கதைக்குள்ளேயே அதன் விதியைக் கற்பித்தல் சிறந்த வழியாகும். அரபுக் கதைகளின் ஜின், அலாவுதீன் கதையில் ‘விளக்குப் பூதம்’ ஆனமை இதற்குச் சான்று. பூதம் சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே காவலும் தண்டனையும் செய்யும் உருவாக அறியப்பட்டது. விளக்கைத் தேய்த்தால் தோன்றும் என்னும் புதுவிதியை அச்சொல் எளிதில் ஏற்றுக்கொண்டது. இவ்வாறே ‘அழையா வாயில் நுழையாதவன்’ என்றாற்போன்ற விளக்கத்தொடரை முதல் தோற்றத்திலேயே பாத்திரம் ஒன்றின் வாயிலாக அமைத்து, அதன்பின் ‘வாம்பயர்’ என ஒலிபெயர்த்து வழங்கினால், அடிக்குறிப்பின் தேவையின்றியே சிறுவன் விதியை அறிந்துகொள்வான்.

7. முடிவுரை

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வளரும் சிறுவனுக்கு இசக்கியும் யட்சியும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பது தெரியாது. எனினும் ஒருத்தியிடம் வேண்டிக்கொள்ளவேண்டும், மற்றவளுக்கு மறுமொழி சொல்லலாகாது என்பது தெரியும். அகராதி தராத இந்நுண்பொருளே சிறார் அச்சக்கதையை இயக்குவது. அச்சச்சொற்களின் அகராதி ஒன்று தொகுக்கப்படுமாயின், ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ப்பொருளோடு உறைவிடம், வேண்டுகை, தடை, விடுபாடு, வழிபாட்டு நிலை ஆகியவற்றையும் இரு மொழி வழக்குகளோடு பதிவு செய்தல் இன்றியமையாதது. எல்லையின் இருபுறமும் வில்லுப்பாட்டையும் பாட்டிமார் கதைகளையும் கேட்டு வளர்ந்த முதியோர் உள்ளபொழுதே இப்பணி மேற்கொள்ளப்படவேண்டும். அதுவரை, ‘பேய்’ என எழுதுமுன் ‘எந்தப் பேய்?’ என்று வினவிக்கொள்வது மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகும்.