தொகுப்பு மேசைகளுக்கு ஒரு பொதுக் களஞ்சியம்

பாடப் படங்களும் விவசாயச் செய்முறைப் படங்களும் தயாரிக்கும் சிறு நிலையங்கள் பலவற்றில், ஒரே காட்சியின் பிரதி நான்கு இடங்களில் கிடப்பதைக் காணலாம். வெளியூர்ப் படப்பிடிப்பிலிருந்து வந்த வன்தட்டு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கைமாறுகிறது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பிரதி எடுத்துக்கொள்கின்றனர். கடைசியாகத் திருத்தியது எது என்பது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரிவதில்லை. அந்தத் தட்டு கைதவறிக் கீழே விழுமாயின், அறுவடைக் காட்சியை மீண்டும் எடுக்க அடுத்த அறுவடை வரை காத்திருக்க நேரிடும். எல்லா மேசைகளும் ஒரே களஞ்சியத்திலிருந்து நேரே படித்துத் தொகுக்கும் ஏற்பாடே இதற்குத் தக்க பரிகாரமாகும். பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளியிழைக் கம்பிகளின் மூலம் மிகுந்த செலவில் செய்த இக்காரியத்தை, இன்று பள்ளிக் கணிப்பொறி அறையிலுள்ள செப்புக் கம்பிகளைக் கொண்டே செய்துவிடலாம்.

எந்தப் பொருளையும் வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் அவசியம். வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்ட முழு எச்.டி. படம், ஆப்பிள் புரோரெஸ் 422 என்னும் வகையில் பதிவானது எனக் கொள்வோம். அது வினாடிக்குச் சுமார் 122 மெகாபிட், அதாவது 15 மெகாபைட்டுக்குச் சற்று மிகுதியாகக் கேட்கிறது. ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 55 ஜிகாபைட் இடம் வேண்டும். இரு காமிராக்களின் காட்சிகளை ஒருங்கே ஓட விட்டுப் பார்க்கும் தொகுப்பாளருக்கு 244 மெகாபிட். இத்தகைய நான்கு மேசைகளுக்கு 976. ஜிகாபிட் ஈதர்நெட் பெயரளவில் 1,000 மெகாபிட் கடத்துவதாயினும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வேண்டிய முகவரிக் குறிப்புகள் போகக் கோப்புக்கு எஞ்சுவது 940 அளவேயாகும். எனவே நால்வரும் ஒரே சமயத்தில் வேலை செய்யும்பொழுது படம் திக்கித் திக்கி ஓடுவதில் வியப்பில்லை.

இந்நெரிசல் எங்கே ஏற்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. மேசைக்குச் செல்லும் கிளை வாய்க்கால் ஒவ்வொன்றும் போதிய அளவினதே, குறுகியிருப்பது தலைமதகு. களஞ்சியக் கணிப்பொறிக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட ஒரு கம்பியை மட்டும் 10 ஜிகாபிட்டாக உயர்த்தினால் போதும். மேசைகளில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. எட்டு ஜிகாபிட் வாயில்களும் இரண்டு 10 ஜிகாபிட் வாயில்களும் கொண்ட சிறு சுவிட்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுமாறு விற்பனையாளர் வற்புறுத்தினால் இக்கணக்கை அவர்முன் வைக்கலாம். 4கே படமாயின் நிலை வேறு. அதே வகையில் ஓர் ஓட்டத்துக்கே சுமார் 492 மெகாபிட் தேவைப்படுவதால், இரண்டு ஓட்டங்களுக்கு ஜிகாபிட் கம்பி போதாது. அத்தகைய மேசைக்கு, 2016ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட 2.5 ஜிகாபிட் முறை உதவும்; பழைய கேட் 5ஈ கம்பியே அதற்குப் போதுமானது. கம்பியில்லா வைஃபையை இவ்வேலைக்கு நம்புவதற்கில்லை.

அடுத்தது தட்டுகள். தனி வன்தட்டு ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்பொழுது வினாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். எட்டு ஓட்டங்களுக்காக அதன் படிப்புமுனை இங்குமங்கும் தாவத் தொடங்கினால் அவ்வேகம் வெகுவாகச் சரிந்துவிடுகிறது. விலை குறைந்த பல தட்டுகளை ஓர் அணியாகக் கட்டி வேலையைப் பங்கிடும் யோசனையை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்டனர். ரெய்ட் எனப்படுவது இதுவே. 8 டெராபைட் தட்டுகள் ஆறு வைத்து, இரண்டின் அளவைக் காப்புக் குறிப்புகளுக்கு ஒதுக்கினால் 32 டெராபைட் மிஞ்சும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுதல் நலம். அவ்வாறு விட்டாலும் 460 மணி நேரப் படம் அடங்கும். ஒரு தட்டை மட்டும் காப்புக்கு ஒதுக்குவது போதாதா என்று கேட்கலாம். பழுதான 8 டெராபைட் தட்டுக்குப் பதிலாக வைத்த புதிய தட்டு நிரம்பப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஏனைய தட்டுகள் ஓயாது உழைக்கும் அந்நேரத்தில் இன்னொன்றும் பழுதடைவது அரிதன்று. ஓடுகள்போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்.எம்.ஆர். வகைத் தட்டுகள் திரும்ப எழுதுவதில் மிக மந்தமானவை, மலிவாயினும் தவிர்க்கத்தக்கவை.

களஞ்சியத்துக்கென விலையுயர்ந்த யந்திரம் வேண்டுவதில்லை. அலுவலகத்தில் ஒதுக்கிய மேசைக் கணிப்பொறியில் 16 ஜிகாபைட் நினைவகமும் தட்டுகளுக்கு இடமும் இருந்தால் ட்ரூநாஸ் அல்லது ஓபன்மீடியாவால்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவலாம். எல்லா மேசைகளிலும் களஞ்சியத்துக்கு ஒரே இயக்க எழுத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஒரு மேசையில் தொகுத்த படத்தை மற்றொரு மேசையில் திறக்கும்பொழுது காட்சிகளைக் காணோம் என்று மென்பொருள் முறையிடும். தற்காலிகக் கோப்புகளை அந்தந்த மேசையின் சொந்தத் தட்டிலேயே வைத்தல் வேண்டும். ஒரே திட்டக் கோப்பை இருவர் ஒருங்கே திறந்து சேமித்தால் ஒருவர் உழைப்பு வீணாகும்.

மின்தடை மிகுந்த ஊர்களில் யூ.பி.எஸ். இன்றி இதனைத் தொடங்கவே கூடாது. மின்கலம் தீருமுன் களஞ்சியம் தானே முறைப்படி நின்றுவிடுமாறு அதனை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்துவிடலாம். தூசியும் கோடை வெப்பமும் தட்டுகளுக்குப் பகை.

இனி, தட்டு அணி இருக்கப் பிரதி எதற்கு என்று கருதுவோர் உளர். தவறுதலாக அழித்த கோப்பை அணி காப்பாற்றாது. அழித்தலையும் அது உண்மையுடன் நிறைவேற்றும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் நச்சு நிரல், விண்டோஸ் கணிப்பொறிகளில் இருந்த பழைய கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியாகவே நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. அப்பழைய முதற் பதிப்பை அணைத்து வைப்பது கடமை. மூலக் காட்சிகளை இரண்டு வெளித்தட்டுகளில் மாற்றி மாற்றிப் பிரதியெடுத்து, ஒன்றை எப்பொழுதும் வேறொரு கட்டிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அப்பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு படத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துத் தேதியைப் பதிவேட்டில் குறித்துவைத்தல் வேண்டும்.