சுவரை இடிக்காதே; வாசலைத் தேடு!

இரவு மணி 10. மதுரை மாட்டுத்தாவணியில் கூட்டம் குறையவில்லை. சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. டிக்கெட் பதிவு செய்யும் அலுவலகங்களில் விளக்கு எரிகிறது.

அவற்றில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீடு மேலூரில். மாலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது முதலாளியிடம் இருந்து போன் வருகிறது.

"நாளைக் காலை பேங்க் திறந்ததும் கணக்கைக் கொடுக்க வேண்டும். ராத்திரியே முடித்துவிடுங்கள்" என்கிறார் முதலாளி.

கணக்கு இருப்பது மாட்டுத்தாவணி கம்ப்யூட்டரில். அவர் இருப்பது மேலூரில். ஆனாலும் அவர் பஸ் ஏறவில்லை. வீட்டில் இருந்தபடியே அலுவலகக் கம்ப்யூட்டரை அழைக்கிறார்.

பதில் இல்லை! மறுபடியும் அழைக்கிறார். "இணைக்க முடியவில்லை" என்ற எழுத்துதான் திரையில் தெரிகிறது.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்கிறார். "பயர்வால்தான் தடுக்கும். அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் நண்பர்.

இந்த யோசனையைக் கேட்கலாமா? கேட்டால் என்ன ஆகும்?

தொலைவில் இருந்தே வேலை

ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரில் உள்ள கம்ப்யூட்டரை இயக்கும் வசதிக்கு "ரிமோட் டெஸ்க்டாப்" என்று பெயர். இங்கே நீங்கள் தட்டும் எழுத்து அங்கே போகிறது. அங்கே உள்ள திரையின் படம் இங்கே வருகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998-ல் இந்த வசதியைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கொண்டுவந்தது.

2020 மார்ச் 25-ந் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பஸ்கள் நின்றன. அலுவலகங்கள் பூட்டப்பட்டன. அப்போதுதான் லட்சக்கணக்கான குடும்பங்களில் சாப்பாட்டு மேஜையே அலுவலகம் ஆயிற்று.

மாட்டுத்தாவணியும் அந்த மாற்றத்தைப் பார்த்த ஊர்தான். பெயரே சொல்வது போல, இது மாட்டுச் சந்தை கூடிய இடம். 1999-ல் இங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. சற்றுத் தள்ளி இலந்தைக்குளத்தில் அரசின் எல்காட் நிறுவனம் கம்ப்யூட்டர் தொழிலுக்கென வளாகம் அமைத்தது. 2025-ல் மாட்டுத்தாவணியிலேயே டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாடு விற்ற மண்ணில் மவுஸ் பிடிக்கும் வேலை!

பிளாட்பாரம் 3389

பயர்வால் என்றால் தீச்சுவர். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் பரவாமல் இருக்க நடுவே எழுப்பும் சுவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கம்ப்யூட்டரில் அது செங்கல் சுவர் அல்ல. போகிற வருகிற செய்திகளைச் சோதித்து, "உள்ளே விடு", "விடாதே" என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு காவல் ஏற்பாடு.

அதைப் புரிந்துகொள்ள மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தையே நினைத்துப் பாருங்கள். பஸ் நிலையத்துக்கு ஒரு விலாசம் உண்டு. உள்ளே பல பிளாட்பாரங்கள் உண்டு. திருச்சி பஸ் ஓரிடத்தில் நிற்கும். திருநெல்வேலி பஸ் வேறோர் இடத்தில் நிற்கும். விலாசம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பிளாட்பாரமும் சரியாக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். அதன் விலாசத்துக்கு ஐ.பி. எண் என்று பெயர். அதன் பிளாட்பாரத்துக்கு போர்ட் என்று பெயர். போர்ட் எண்கள் 65,535 வரை உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் நிற்கும் பிளாட்பாரம் 3389. காவல்காரர் அந்த ஒரு வாசலை அடைத்துவிட்டால் போதும். அழைப்பு உள்ளே போகாது.

மூன்று விதமான பதில்

கதவைத் தட்டும்போது என்ன பதில் வருகிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

வெகுநேரம் மௌனமா? காவல்காரர் அழைப்பைச் சத்தமின்றிக் கீழே போட்டிருக்கலாம். அல்லது விலாசம் தவறாக இருக்கலாம். அல்லது கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கேட்ட மாத்திரத்தில் மறுப்பா? விலாசத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனால் அந்தப் பிளாட்பாரத்தில் பஸ் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வசதி அங்கே திறக்கப்படவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

பெயரும் ரகசியச் சொல்லும் கேட்டுவிட்டு, பிறகு "முடியாது" என்கிறதா? அப்படியானால் சுவரைத் திட்டாதீர்கள்! சுவரைத் தாண்டி வந்துவிட்டீர்கள். கோளாறு ரகசியச் சொல்லில் இருக்கலாம். அல்லது உங்கள் பெயருக்கு அனுமதி கொடுக்காமல் இருக்கலாம்.

ஐந்து நிறுத்தங்கள்

வழியில் அழைப்பு நிற்கக்கூடிய இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாமல் போகும்.

முதல் நிறுத்தம், அந்தக் கம்ப்யூட்டரே. அது விழித்திருக்கிறதா? ரிமோட் டெஸ்க்டாப் வசதி திறந்திருக்கிறதா? விண்டோசில் "ஹோம்" என்ற வகை இந்த அழைப்பை ஏற்காது. "புரோ" போன்ற வகைதான் ஏற்கும். இது தெரியாமல் நாள் கணக்கில் சுவரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பயர்வால். அதே அலுவலகத்தில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்து அழைத்துப் பாருங்கள். அங்கே இணைப்புக் கிடைத்தால், கோளாறு பெரும்பாலும் வெளியே. கிடைக்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் உள்ளே. பயர்வாலில் "ரிமோட் டெஸ்க்டாப்" என்ற வரிக்கு எதிரே அனுமதிக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலக இணைப்பை "பொது இடம்" என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணிக்கொண்டாலும் கதவை அடைத்துவிடும்.

மூன்றாவது, ரவுட்டர். அலுவலகத்துக்கு வெளியில் தெரியும் எண் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண். 192.168 என்று தொடங்கும் எண்கள் அந்த உள் எண்கள். ஒரே வீட்டு நம்பரில் பல குடித்தனங்கள் இருப்பது போல! கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் இந்த உள் எண்களை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. ஆகவே முக்கியமான கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்றை எழுதிவைக்க வேண்டும்.

நான்காவது, இன்டர்நெட் தரும் நிறுவனம். எண் பற்றாக்குறையால் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வெளி எண்ணைச் சில நிறுவனங்கள் தருகின்றன. ரவுட்டரில் தெரியும் வெளி எண் 100.64 முதல் 100.127 வரை உள்ளவற்றில் ஒன்றாகத் தொடங்கினால் அதுதான் சங்கதி. வெளியில் இருந்து தட்டும் சத்தம் உங்கள் வாசலுக்கே வராது. நிலையான தனி எண் ஒன்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது, நீங்கள் புறப்படும் இடம். லாட்ஜ், கல்லூரி, பெரிய நிறுவனம் போன்ற இடங்களில் வெளியே போகும் அழைப்பையே தடுத்திருப்பார்கள். வைபையை விட்டுவிட்டு செல்போன் டேட்டாவில் முயன்று பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

திறந்து போட்டால் என்ன?

"இவ்வளவு எதற்கு? 3389-ஐ ஊருக்கெல்லாம் திறந்துவிட்டால் வேலை முடிந்தது" என்று சிலர் நினைக்கலாம். முடிவது வேலை அல்ல, பிழைப்பு!

ஏன்? உலகில் உள்ள ஐ.பி. எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே திருடர்கள் இயந்திரங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். உங்கள் கடை சிறியது, பெரியது என்று அவை பார்ப்பதில்லை. திறந்த வாசல் கிடைத்ததும் ரகசியச் சொல்லை ஆயிரக்கணக்கான தடவை ஊகித்துப் பார்க்கும். உள்ளே புகுந்ததும் கணக்குகளையெல்லாம் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, "பணம் கொடு, சாவி தருகிறோம்" என்பார்கள்.

சில சமயம் ரகசியச் சொல்கூடத் தேவைப்படுவதில்லை. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு "புளூகீப்" என்று பெயர். மைக்ரோசாப்ட் தான் 2014-லேயே கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட அப்போது ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. ஆபத்து அவ்வளவு பெரிது!

2022 நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் இப்படிப் பூட்டப்பட்டன. நோயாளிகளின் பெயர்களைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டி வந்தது. உள் இணைப்புகள் சரியாகத் தனித்தனியே பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அதாவது, வெளிச்சுவர் மட்டும் போதாது. உள்ளேயும் அறைக்கு அறை சுவர் வேண்டும்.

துண்டுக்குள் பேரம்

அப்படியானால் பாதுகாப்பான வழி என்ன? அதை மாட்டுச் சந்தையே சொல்லித் தரும்.

மாட்டுத் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"வி.பி.என்." என்பது அந்தத் துண்டுதான். முதலில் அலுவலகத்தோடு மறைவான பாதை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அதற்குள்ளே ரிமோட் டெஸ்க்டாப்பை அழைக்க வேண்டும். 3389 வெளியாருக்குத் தெரியவே தெரியாது. அதோடு போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் கேட்கும்படி செய்தால் பூட்டு இரண்டாகிறது. விண்டோஸ் அனுப்பும் புதிய ஒட்டுகளை அவ்வப்போது போட வேண்டும். கணக்கின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகாமல் தனியே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் குடும்பத்தார் அறிய வேண்டும். எனிடெஸ்க் போன்ற செயலிகள் உள்ளே இருந்து வெளியே போய் இணைப்பு ஏற்படுத்துகின்றன. காவல்காரர் வருகிறவரைத்தான் அதிகம் சோதிப்பார். வீட்டை விட்டுப் புறப்படுகிறவரை அல்ல. இதைப் பயன்படுத்தி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. "பேங்கில் இருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கணக்கு முடிந்தது

மேலூர்க்காரர் என்ன செய்தார்? அவருடைய அலுவலகத்தில் வி.பி.என். இருந்தது. ஆகவே சுவரில் கை வைக்கவில்லை. டிக்கெட் பதிவு செய்யும் பையனைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, என் கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுது அண்ணே. சாயங்காலம் கரண்ட் போச்சு. நான்தான் மறுபடி போட்டேன்."

"உன் கம்ப்யூட்டர்ல இருந்து கூப்பிட்டுப் பாரு."

"பழைய நம்பருக்குக் கூப்பிட்டேன். கிடைக்கல அண்ணே."

"அதோட நம்பர் இப்ப என்னன்னு பாரு."

"கடைசியில 8-ன்னு இருக்கு அண்ணே."

காலையில் அது 5 ஆக இருந்தது! புதிய எண்ணைப் போட்டு அழைத்தார். கதவு திறந்தது. கால் மணி நேரத்தில் கோளாறு தீர்ந்தது. கணக்கும் இரவே முடிந்தது. சுவரும் நின்றது.

மதுரைக்கும் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது அதை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளை உண்டாக்கினார்கள். அவர் நினைவாக எழுந்ததுதான் விளக்குத்தூண். கோட்டையைத் தாக்க வரும் படைகள் ஓய்ந்துவிட்டதால் அந்தச் சுவர் தேவையற்றுப் போயிற்று.

இன்டர்நெட்டில் படையெடுப்பு இன்னும் ஓயவில்லை. இரவும் பகலும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே அழைப்பு நின்றால் எங்கே நின்றது என்று தேடுங்கள். உங்களுக்கு வேண்டிய வாசலை மட்டும் திறந்துகொள்ளுங்கள். சுவர் இருக்கட்டும்!